மிஸ்ட்ரல் எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, வண்டி ஸ்டிக்கர் என்று வடிவமைப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட ஆங்கில எழுத்துரு இதுதான். பெயர் தெரியாமலே கேட்பார்கள்: "அந்தக் கையால எழுதின மாதிரி, ஓடிப்போற எழுத்து ஒண்ணு இருக்குமே, அது." வாடிக்கையாளர்களும், தொழில் பழகும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

மிஸ்ட்ரல் எப்படி இருக்கும்? பார்த்ததும் அடையாளம் தெரியுமா?

மை தோய்த்த தூரிகையோடு ஒருவர் அவசரமாக, ஆனால் நல்ல கைப்பழக்கத்தோடு எழுதினால் வருமே, அப்படி இருக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். எல்லாம் ஒரே கோட்டில் ஒழுங்காக உட்காராது. சில எழுத்துகள் கொஞ்சம் கீழே சறுக்கும். சிறிய எழுத்துகளின் உடல் குள்ளம், வால் நீளம். 2011ல் வந்த 'டிரைவ்' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு வரி போதும்: அந்த இளஞ்சிவப்புத் தலைப்பு மிஸ்ட்ரல்தான்.

இதை உருவாக்கியவர் யார்?

ரோஜர் எக்ஸ்கோஃபோன். 1910ல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்தவர். சட்டம் படித்தார், பிறகு ஓவிய ஆசையில் பாரிசுக்குப் போனார், கடைசியில் விளம்பரத் துறையில் வந்து நின்றார். மார்செயில் ஒலிவ் என்ற எழுத்து வார்ப்பகம் இருந்தது. அதற்காக அவர் வரைந்தவை வரிசையாக வந்தன: 1951ல் பாங்கோ, 1953ல் மிஸ்ட்ரல், 1955ல் ஷாக், 1958ல் கலிப்சோ, 1960களில் ஆன்டிக் ஒலிவ். ஏர் பிரான்ஸ் விமான நிறுவனத்தின் பழைய பெயரெழுத்து இந்த ஆன்டிக் ஒலிவ் வேலையோடு பிறந்ததுதான். 1968ல் கிரெனோபிளில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் சின்னத்தை வரைந்தவரும் அவரே. 1983ல் காலமானார்.

மிஸ்ட்ரலுக்கு அடிப்படை அவருடைய சொந்தக் கையெழுத்து. சுவரொட்டி போடுகிறவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தெருவில் போகிறவன் ஒரு சொல்லுக்குக் கொடுப்பது அரை நொடி. அந்த அரை நொடிக்குத்தான் இவர் வரைந்த எழுத்துகள் எல்லாமே.

பெயர் ஏன் மிஸ்ட்ரல்?

அது ஒரு காற்றின் பெயர். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி, தெற்கு பிரான்சின் கடற்கரையில் அடிக்கும் குளிர்ந்த, வறண்ட காற்று. மார்செய்க்காரர்களின் வாடை என்று வைத்துக்கொள்ளலாம். நம் வாடையோடு தூறலும் சேர்ந்து வரும். அவர்களுடையது வானத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடும். பெயரைத் தெரிந்துகொண்டு எழுத்தைப் பார்த்தால், ஏன் எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது என்பது புரிந்த மாதிரி இருக்கும்.

அது ஈய எழுத்துக் காலம். தனித்தனி ஈயக் கட்டைகளை வைத்து, ஒட்டி எழுதியது போல எப்படி அச்சடித்தார்கள்?

நல்ல கேள்வி. மிஸ்ட்ரலின் முழுச் சாமர்த்தியமும் இங்கேதான் இருக்கிறது.

பழைய அச்சுக்கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் இருக்கும். அச்சுக் கோர்ப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்குவார். கட்டைக்குக் கட்டை ஓரம் இருப்பதால், சாதாரண எழுத்தில் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி தானாகவே வந்துவிடும். கையெழுத்து மாதிரி ஒட்ட வேண்டுமென்றால், ஓர் எழுத்தின் வால் கட்டையின் வலது விளிம்பு வரை போய் முடிய வேண்டும். அடுத்த எழுத்தின் தொடக்கம் இடது விளிம்பிலிருந்தே கிளம்ப வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் சந்திக்கவும் வேண்டும்.

ஆங்கிலச் சிறிய எழுத்து 26. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்தும் வரலாம் என்றால் 676 ஜோடிகள். அத்தனை ஜோடியிலும் ஒட்டு சரியாக விழ வேண்டும். இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு: எல்லா வாலையும் ஒரே மாதிரி, ஒரே சாய்வில், ஒரே இடத்தில் முடித்துவிடுவது. அப்படிச் செய்தால் ஒட்டும், ஆனால் பள்ளிக்கூடத்துக் காப்பி நோட்டு மாதிரி இருக்கும். எக்ஸ்கோஃபோன் ஒட்டும் இடத்தை மட்டும் கட்டுக்குள் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் அவிழ்த்துவிட்டார். உயரம், வயிற்றின் அளவு, கீழே இறங்கும் ஆழம், கனம் எல்லாம் எழுத்துக்கு எழுத்து மாறும். கண் அந்த மாற்றத்தைப் பார்த்து 'கையால் எழுதியது' என்று நம்பிவிடுகிறது. ஒட்டு மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதை அது கவனிப்பதில்லை.

கீழே வரப்போகும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த ஒட்டுதான். ஒட்டு சரியாக இருந்தால்தான் மிஸ்ட்ரல் பிழைக்கும்.

இது நிஜமாகவே தூரிகை எழுத்தா? 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்று வேறொன்று இருக்கிறதே?

இருக்கிறது. பிரஷ் ஸ்கிரிப்ட் அமெரிக்காவின் பழைய எழுத்துரு. ராபர்ட் இ. ஸ்மித் வரைந்து, 1942ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் வெளியிட்டது. கனமாக, நன்றாகச் சாய்ந்து, எல்லா எழுத்தும் ஒரே தாளத்தில் வரும். பலகை எழுதும் தொழிலாளியின் பழகிய கை அது. மிஸ்ட்ரலில் இருப்பது ஒரு தனி மனிதரின் கை. தூரிகைக்கும் பேனாவுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எக்ஸ்கோஃபோனின் சுத்தமான தூரிகை வேலை வேண்டுமென்றால் ஷாக்கைப் பாருங்கள். தூரிகையை நன்றாக அழுத்தி, பட்டென்று எடுத்த மாதிரி தடித்த எழுத்து. மூன்றும் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைக்கிறார்கள். பேக்கரிக்குப் பிரஷ் ஸ்கிரிப்ட் பொருந்தும், சலூனுக்கு மிஸ்ட்ரல், பட்டாசுக் கடைக்கு ஷாக். இது என் சொந்தக் கணக்கு, சண்டைக்கு வர வேண்டாம்.

'டிஸ்ப்ளே' எழுத்துரு என்கிறார்களே, என்ன அர்த்தம்?

சில சொற்களைப் பெரிதாகக் காட்டுவதற்கான எழுத்து. தலைப்பு, கடைப் பெயர், அட்டைப்படம், சட்டையின் நெஞ்சுப் பகுதி, அவ்வளவுதான். மூன்று சொல் வரை மிஸ்ட்ரல் பாடும். ஒரு பத்தி முழுக்க அதில் போட்டால் வாசகன் இரண்டாவது வரியிலேயே எழுந்து போய்விடுவான். மெனு கார்டின் தலைப்பை இதில் போடுங்கள், பதார்த்தப் பட்டியலை வேண்டாம்.

எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும்?

காகிதத்தில் 24 பாயின்டுக்குக் கீழே நான் போவதில்லை. சிறிய எழுத்துகளின் உடல் குள்ளம் என்று சொன்னேன் அல்லவா? அதனால் 24 பாயின்ட் மிஸ்ட்ரல், சாதாரண எழுத்துருவின் 24ஐ விடச் சின்னதாகவே தெரியும்.

பலகைக்கு ஒரு பழைய தொழில் கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். எதிர்ச் சாரியில் நிற்பவர் 40 அடியில் இருந்தால் நாலு அங்குலம். அது நேரான, பட்டையான எழுத்துக்குச் சொன்ன கணக்கு. மிஸ்ட்ரலுக்கு அந்த நாலு அங்குலத்தைச் சிறிய எழுத்தின் உடலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போவதும் கீழே தொங்குவதும் சேர்ந்தால் பலகையின் உயரம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் வேறு எழுத்துருவுக்கு மாறிவிடுவார்கள். அதுவும் நல்லதுதான்.

முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் போடலாமா?

வேண்டாம். இதில் பெரிய எழுத்து சொல்லைத் தொடங்கிவைக்க வந்தது, பக்கத்தில் இன்னொரு பெரிய எழுத்து நிற்கும் என்று நினைத்து வரையப்பட்டதல்ல. அவற்றுக்குள் ஒட்டும் கிடையாது. எல்லாம் கேப்பிட்டல் என்றால், கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை வேஷத்தில் வந்த மாதிரி. முதல் எழுத்து மட்டும் பெரியது, மற்றவை சிறியவை.

எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரிகிறது. ஒட்டு விட்டுப்போகிறது. ஏன்?

பெரும்பாலும் நீங்களே பிரித்துவைத்திருப்பீர்கள். டிராக்கிங் என்ற எழுத்து இடைவெளி பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். 5, 10 என்று ஏற்றினால்கூட வால் அடுத்த எழுத்தைத் தொடாமல் போகலாம். குறைத்தாலும் தப்பு, வால் அடுத்த எழுத்தின் வயிற்றுக்குள் போய்க் குத்தும்.

இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் வேலை செய்கிறவர்கள் கெர்னிங் (பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் இடைவெளி) பெட்டியைப் பாருங்கள். 'ஆப்டிக்கல்' என்றிருந்தால் 'மெட்ரிக்ஸ்' என்று மாற்றுங்கள். ஆப்டிக்கலில் மென்பொருள் எழுத்துகளின் உருவத்தைப் பார்த்துத் தானாக இடைவெளி வைக்கும். ஒட்டி எழுதும் எழுத்து என்பது அதற்குத் தெரியாது. வரைந்தவர் கணக்குப் பண்ணி வைத்த தூரத்தைக் கலைத்துவிடும். மெட்ரிக்ஸ் என்றால் எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் கணக்கையே எடுத்துக்கொள்ளும்.

பத்தியை இருபுறமும் சமமாக நிறுத்தும் ஜஸ்டிஃபை அமைப்பும் சில நேரம் எழுத்துகளை இழுத்துப் பிரித்துவிடும். மிஸ்ட்ரலை இடப்புறம் நிறுத்துங்கள், இல்லை நடுவில் வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரையில் மயிரிழை போல ஒரு கீற்று தெரிந்தால், பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கும்போது மறைந்தால் அது திரை காட்டும் மாயம், அச்சில் வராது. பெரிதாக்கியும் இருந்தால் ஒட்டு உண்மையிலேயே விட்டிருக்கிறது.

வினைல் ஸ்டிக்கர் வெட்டினால் எழுத்துக்குள் கோடு கோடாக வெட்டு விழுகிறது. எப்படிச் சரிசெய்வது?

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பேக்கரியின் கண்ணாடிக் கதவுக்குப் பெயர் வெட்டிக் கொடுத்தேன். திரையில் அழகாக இருந்தது. வினைல் வெட்டும் இயந்திரமான பிளாட்டரில் போட்டு வெட்டி, வேண்டாத வினைலை உரிக்க ஆரம்பித்தால், எழுத்தும் துண்டு துண்டாகக் கூடவே வருகிறது. மூன்று அடி வினைல் குப்பைக்குப் போனது. கடைக்காரர் பொறுமைசாலி, டீ வாங்கிக் கொடுத்தார்.

என்ன நடந்தது என்றால், திரையில் ஒரே சொல்லாகத் தெரிவது உள்ளே தனித்தனி எழுத்துகள்தான். ஒட்டும் இடத்தில் ஒன்றின் வால் இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்திருக்கும். அச்சில் கறுப்பின் மேல் கறுப்பு விழுந்தால் யாருக்கும் தெரியாது. பிளாட்டரின் கத்தி அப்படியல்ல. ஒவ்வோர் எழுத்தின் வெளிக்கோட்டையும் முழுதாகச் சுற்றி வெட்டும். ஒட்டும் இடத்தில் இரண்டு எழுத்தின் கோடும் வெட்டிக்கொள்ளும்.

வழி: சொல்லை வளைவுகளாக மாற்றுங்கள், கோரல்டிரா மென்பொருளில் கன்ட்ரோலும் க்யூவும். எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, 'வெல்ட்' கொடுத்து ஒரே உருவமாக்குங்கள். வெல்ட் பண்ணும்போது எழுத்தின் கண், அதாவது உள்ளே இருக்கும் ஓட்டை, மூடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெளிக்கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேம் பார்வைக்குப் போய்ப் பாருங்கள். ஒட்டுமிடத்தில் குறுக்கே கோடு எதுவும் இல்லையென்றால் கத்தியைத் தைரியமாக இறக்கலாம். மாற்றுவதற்கு முன்னால் எழுத்தாகவே இருக்கும் கோப்பை ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் "கீழ பிரான்ச் பேரும் சேர்த்துடுங்க" என்று நிச்சயம் வருவார்கள்.

எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் கோடு போடும்போதும் இதே தொல்லைதான். ஒவ்வோர் ஒட்டிலும் கோடு குறுக்கே ஓடும். வெல்ட் பண்ணிவிட்டுக் கோடு போடுங்கள், அல்லது கோட்டை நிரப்பு நிறத்துக்குப் பின்னால் தள்ளுங்கள்.

போல்டு, இட்டாலிக் பட்டன் அழுத்தலாமா?

இதற்கு ஒரே கனம்தான் வரையப்பட்டிருக்கிறது. போல்டு அழுத்தினால் மென்பொருள் எழுத்தை ஊதிப் பெருக்கும், கண்கள் அடைத்துக்கொள்ளும். ஓடுகிற எழுத்தை இட்டாலிக் போட்டு மேலும் சாய்த்தால் குப்புற விழும். அகலவாக்கில் இழுப்பதும் கூடாது.

தமிழில் டைப் செய்து மிஸ்ட்ரலைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்து மாறவே இல்லையே?

மாறாது. மிஸ்ட்ரலுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. யூனிகோடில் டைப் செய்த தமிழை அதில் போட்டால், மென்பொருள் உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, லதா, நிர்மலா மாதிரி தமிழ் இருக்கும் வேறோர் எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுத்தும். பெட்டியில் மிஸ்ட்ரல் என்றுதான் பெயர் காட்டும், பக்கத்தில் தெரிவது வேறு எழுத்து. அல்லது கட்டம் கட்டமாக வரும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்திருந்தால் கதை வேறு. எழுத்து மாறும், ஆனால் உளறலாக மாறும். பாமினியில் 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்டுகிறோம். கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான்; பாமினி அவற்றின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. மிஸ்ட்ரலுக்கு மாற்றினால் முகமூடி கழன்று, ஜே-கே-பி-ஓ அழகான தூரிகை எழுத்தில் வந்து நிற்கும். இதை ஏதோ வெளிநாட்டு மொழி என்று நினைத்துப் பனியனில் அச்சடிக்கக் கேட்டவரையும் பார்த்திருக்கிறேன்.

தமிழுக்கு மிஸ்ட்ரல் மாதிரி ஒன்று ஏன் இல்லை?

யாரும் முயலவில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பதில் நம் எழுத்திலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒட்டு எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நடக்கிறது. பள்ளியில் ஒட்டி எழுதவே தனியாகப் பழக்குகிறார்கள். அச்சுத் தமிழில் பக்கத்து எழுத்தை யாரும் தொடுவதில்லை. 'க' முடிந்த பிறகு 'ட' தனியாகத் தொடங்குகிறது. நம்மிடம் ஒட்டு இருப்பது எழுத்துக்குள்ளேயே. 'கி'யில் வளைவு தலையில் ஏறுகிறது. 'கு', 'கூ', 'மு', 'மூ', 'று', 'றூ' ஆகியவற்றில் உயிர்க்குறி உடம்போடு சேர்ந்து ஒரு புது உருவமே பிறந்துவிடுகிறது. ஆக, மிஸ்ட்ரலின் தந்திரத்தைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்து, 'க'வின் வாலை இழுத்து 'ட'வில் கட்டினால், படிக்கிறவர் அதை ஏதோ துணைக்குறி என்று நினைப்பார். 'ர' பக்கத்தில் ஒரு கோடு நீண்டால் கால் மாதிரித் தெரியும். மிஸ்ட்ரலின் உயிர் எந்த ஒட்டில் இருக்கிறதோ, அதே ஒட்டு தமிழில் குழப்பம்.

கையெழுத்துத் தமிழ் ஒட்டாமல் இருந்ததில்லை. பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பத்திரம் எழுதுகிறவர் பேனாவை எடுக்காமல், புள்ளிகூட வைக்காமல் ஓடியிருப்பார். அதைப் படிக்க இன்னொரு பத்திர எழுத்தர் வேண்டும். கடைப் பலகைக்கு அது ஆகாது.

அப்படியானால் தமிழில் தூரிகையின் வேகத்தை எங்கே காட்டுவது? நம் பலகை ஓவியர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பட்டைத் தூரிகையைச் சுழியில் திருப்பும்போது கனம் மெலிந்து திரும்பவும் தடிக்கும் இடம். 'ழ'வின் கீழ்வால். 'சி', 'லீ' இவற்றின் தலைச்சுழியைப் பக்கத்து எழுத்தின் மேல் குடையாக நீட்டுவது. 'கூ'வின் கடைசி இழுப்பைச் சொல் முழுவதற்கும் அடிக்கோடாக ஓட விடுவது. புள்ளியை வட்டமாக வைக்காமல் ஒரே தட்டில் சாய்சதுரமாக வைப்பது. எழுத்துகள் தொடாது, ஆனால் ஒன்று தள்ள இன்னொன்று நகர்வது போல இருக்கும்.

1978க்கு முன் இதற்கு இன்னும் வசதி இருந்தது. அந்த ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் வரை 'ணை', 'லை', 'ளை', 'னை' எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருந்தது. தூரிகைக்காகவே செய்த மாதிரி இருக்கும் அது. படிக்கவும் தட்டச்சுக்கும் புதிய வடிவம் வசதி, அதில் மறுபேச்சில்லை. ஆனால் பழைய 'லை'யைப் பலகையில் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

இப்போது கிடைப்பவற்றில் கையெழுத்துச் சாயலுக்குத் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணரைப் பாருங்கள். சாய்ந்த நடை, இலவசம். தடித்த, விளையாட்டான தலைப்புக்கு எக் டைப் குழுவின் பாலு தம்பி. இரண்டும் தூரிகை எழுத்தல்ல. தூரிகையே வேண்டுமென்றால், ஒரே ஒரு கடைப் பெயர்தானே, எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் காகிதத்தில் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, வளைவாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு எழுத்துப் பெயருக்கு முழு எழுத்துரு எதற்கு?

ஒரே பலகையில் ஆங்கிலம் மிஸ்ட்ரலில், தமிழ் எதில்?

நேரான, கனமான, அலங்காரமில்லாத தமிழ். தமிழையும் வளைத்து நெளித்துப் போட்டால் இரண்டு பேரும் ஒரே மேடையில் ஆடுவார்கள். தமிழ் பெரிதாக மேலே, மிஸ்ட்ரல் கையொப்பம் போலக் கீழே வலப்புறம். எனக்குப் பத்தில் எட்டு முறை இது கைகொடுத்திருக்கிறது.

ரூபாய்க் குறி வரவில்லை. என்ன செய்ய?

உதயகுமார் வடிவமைத்த ₹ குறி 2010ல்தான் ஏற்கப்பட்டது. யூனிகோடில் சேர்ந்ததும் அதே ஆண்டு. அதற்கு முந்தைய எழுத்துருக் கோப்பில் அது எப்படி இருக்கும்? வேறோர் எழுத்துருவிலிருந்துதான் எடுக்க வேண்டும். எப்படியும் விலையை மிஸ்ட்ரலில் போடாதீர்கள். விலை என்பது சந்தேகமில்லாமல் படிக்கப்பட வேண்டியது.

இன்ஸ்டாகிராம் பயோவில் சிலர் சுருள் எழுத்தில் எழுதுகிறார்களே, அதில் மிஸ்ட்ரல் கிடைக்குமா?

அது எழுத்துருவே அல்ல. கணக்குப் பாடத்துக்காக யூனிகோடில் சுருள் எழுத்து, தடித்த எழுத்து என்று தனிக் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் இருக்கும் 'அழகு எழுத்து' கருவிகள் உங்கள் எழுத்தை அந்தக் கணிதக் குறிகளாக மாற்றித் தருகின்றன. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை ஒழுங்காகப் படிக்காது. உங்கள் பெயரை ஒவ்வொரு கணிதக் குறியாகச் சொல்லும், அல்லது மௌனமாகத் தாண்டிவிடும். மிஸ்ட்ரல் வேண்டுமென்றால் படமாகச் செய்து போடுங்கள்.

மிஸ்ட்ரல் இலவசமா? கடைப் பெயருக்குப் பயன்படுத்தலாமா?

இலவசம் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீசோடு பல பதிப்புகளில் சேர்ந்து வந்ததால் இலவசம் மாதிரித் தோன்றுகிறது. காசு கொடுத்து முறையாக வாங்கிய ஆபீஸ் இருந்தால், அதைக் கொண்டு பலகை, நோட்டீஸ் அச்சடிப்பது பொதுவாகச் சரி. வீட்டு உபயோகத்துக்கு, மாணவர்களுக்கு என்று வாங்கிய உரிமம் என்றால் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. எழுத்துருக் கோப்பையே நண்பருக்கு அனுப்புவது, இணையதளத்தில் ஏற்றுவது, செயலிக்குள் வைப்பது எல்லாம் வேறு கணக்கு, தனி உரிமம் வாங்க வேண்டும். 'இலவச எழுத்துரு' தளத்தில் யாரோ ஏற்றிவைத்திருப்பதால் அது இலவசம் ஆகிவிடாது.

கோரல்டிராவில் ஸ்டக்காட்டோ 222 என்று ஒன்று அச்சு அசலாக இப்படியே இருக்கிறதே?

அது மிஸ்ட்ரல்தான், வேறு பெயரில். பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் தன் பதிப்புக்கு வைத்த பெயர் அது. ஸ்டக்காட்டோ 555 என்பது ஷாக். பெயர் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும்போது, உருவத்தை வேறு பெயரில் விற்பது அந்தத் துறையின் பழைய வழக்கம். இரண்டையும் ஒரே வேலையில் கலக்காதீர்கள், அளவும் இடைவெளியும் இம்மி வித்தியாசப்படும்.

கட்டுப்படியாகவில்லை. இலவசத்தில் இந்த மாதிரி எது?

பாப்லோ இம்பல்லாரி 2010ல் வெளியிட்ட லாப்ஸ்டர், வெர்னன் ஆடம்ஸின் பசிஃபிகோ. இரண்டும் திறந்த உரிமம்: தொழிலுக்குப் பயன்படுத்தலாம், இணையத்தில் ஏற்றலாம், எழுத்துருக் கோப்பைத் தனியாக விலைக்கு விற்பதுதான் கூடாது. இரண்டும் மிஸ்ட்ரலைவிடத் தடிமன், வழுவழுப்பு.

லாப்ஸ்டரில் ஒரு சுவாரசியம். ஈயக் காலத்தில் எக்ஸ்கோஃபோனுக்கு ஓர் எழுத்துக்கு ஒரு கட்டைதான் என்பதால், ஒட்டை ஒரே இடத்தில் வைத்தே ஆக வேண்டியிருந்தது. இம்பல்லாரிக்கு அந்தக் கட்டாயமில்லை. ஓபன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் ஒரே எழுத்துக்குப் பல உருவம் வைக்கலாம். பக்கத்தில் வரும் எழுத்தைப் பார்த்து மென்பொருளே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். அவர் ஜோடி ஜோடியாக வரைந்து வைத்துவிட்டார். அந்த வேலை நடக்க வேண்டுமானால் உங்கள் மென்பொருளில் எழுத்து ஜோடியை ஒரே உருவமாகக் காட்டும் லிகேச்சர் அமைப்பு அணைந்திருக்கக் கூடாது. ஆனால் பத்து வருடம் உலகத்தின் ஒவ்வொரு காபிக் கடையும் லாப்ஸ்டரைப் போட்டுத் தேய்த்துவிட்டது. லோகோவுக்கு என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்து மாறிவிடுகிறது.

அவர்களிடம் மிஸ்ட்ரல் இல்லை. வளைவாக மாற்றி அனுப்புங்கள், அல்லது எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப். கூடவே எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு படமும்.

ஒரு பலகையைப் பார்த்தால் எழுத்துருவா, உண்மையிலேயே கையால் எழுதியதா என்று எப்படிச் சொல்வது?

ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறதா என்று தேடுங்கள். 'காஃபி' என்று ஆங்கிலத்தில் எழுதினால் 'எஃப்' இரண்டு, 'ஈ' இரண்டு. ஜோடி அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே இருந்தால் எழுத்துரு. மிஸ்ட்ரல் எவ்வளவுதான் ஏமாற்றினாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். மனிதனின் கை ஒரே 'ஈ'யை இரண்டு முறை எழுதவே எழுதாது.

தமிழ்ப் பலகையில் வேலை இன்னும் சுலபம். கீழே வலது மூலையைப் பாருங்கள். பெயின்ட் மங்கி, சின்னதாக ஒரு பெயர், பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' என்று இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம்.